பிள்ளைக்குக் கண் தெரியுதா என்று யார் கேட்பது?

காரைக்காலில் ஒரு பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனால் என்னென்ன கேட்கிறார்கள்? பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அப்பா அம்மா என்ன படித்திருக்கிறார்கள், வீட்டில் இங்கிலீஷ் பேசுவீர்களா, வேன் வேண்டுமா. சில இடங்களில் மூன்றரை வயதுப் பிள்ளையை உட்காரவைத்துப் படத்தைக் காட்டி "வாட் இஸ் திஸ்?" என்றும் கேட்கிறார்கள். அந்தப் படம் பிள்ளைக்குத் தெரிகிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. காரைக்கால் என்றில்லை, நாகப்பட்டினத்திலும் அப்படித்தான், சென்னையிலும் அப்படித்தான். அடுத்த பதினாலு வருடம் கரும்பலகையையும் புத்தகத்தையும் பார்த்தே காலம் தள்ளவேண்டிய பிள்ளைக்கு இரண்டு கண்ணும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்காமலே பீஸ் வாங்கிக்கொள்கிறோம், கட்டுகிறோம்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். நாலு வயது முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒரு கண்ணை மூடி மறு கண்ணைப் பார்க்கும் பரிசோதனை ஒருமுறையாவது நடந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, அங்கன்வாடி என்ற வித்தியாசம் இதில் கூடாது. பெற்றோரின் அக்கறையை நம்பியும் இதை விடக்கூடாது. போலியோ சொட்டு மருந்தை நாம் அப்படி விடவில்லை.

"பிள்ளைக்குக் கண்ணு தெரியலேன்னா வீட்டுல தெரிஞ்சிடாதா?" என்று கேட்பார்கள். தெரியாது. விஷயமே அங்கேதான் இருக்கிறது. பெரியவர்களுக்குப் பார்வை குறைந்தால் நேற்று தெரிந்த பஸ் போர்டு இன்று தெரியவில்லை என்று சொல்லத் தெரியும். பிறந்ததிலிருந்தே ஒரு கண்ணில் மங்கலாகப் பார்க்கிற பிள்ளைக்கு ஒப்பிட எதுவும் இல்லை. உலகம் அப்படித்தான் இருக்கும் என்று அது நினைத்துக்கொள்கிறது. இன்னொரு கண் நன்றாக இருந்துவிட்டால் போச்சு. அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டே ஓடும், பந்து பிடிக்கும், படம் வரையும். நல்ல கண்ணை மூடிப் பார்க்கிற வரைக்கும் யாருக்கும் சந்தேகமே வராது.

கண்ணில் தூரப்பார்வையோ சிலிண்டர் பவரோ ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இருந்தாலோ, மாறுகண் இருந்தாலோ, மூளைக்கு இரண்டு விதமான படங்கள் போகின்றன. தெளிவான படத்தை எடுத்துக்கொண்டு மங்கலானதை மூளை ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கி ஒதுக்கி அந்தக் கண்ணோடு இருக்கிற தொடர்பையே வளர்க்காமல் விட்டுவிடுகிறது. இதற்குச் 'சோம்பேறிக் கண்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கண் என்ன சோம்பேறித்தனம் பண்ணியது? சோம்பேறிகள் நாம்.

டேவிட் ஹியூபலும் டோர்ஸ்டன் வீசலும் 1960களில் பூனைக்குட்டிகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். பிறந்த சில வாரங்களில் ஒரு கண்ணின் இமையைத் தைத்து மூடிவிட்டு, சில மாதம் கழித்துத் திறந்தார்கள். கண் பழுதில்லாமல் இருந்தது. ஆனால் பார்வை இல்லை. அந்தக் கண்ணுக்கு உரிய மூளைப் பகுதியை மறு கண் எடுத்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு அதேபோல் செய்தால் இந்தப் பாதிப்பு வரவில்லை. 1981இல் இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் குழந்தைக்கு இந்தக் காலம் ஏழெட்டு வயது வரை என்பது பொதுவான கணக்கு. அதற்குப் பிறகு கதவு ஒரேயடியாகச் சாத்திக்கொள்வதில்லை. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுத்தபோது பாதிப்பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. ஆகவே பத்து வயதில் கண்டுபிடித்தவர்களும் கைவிட வேண்டாம். ஆனால் மீதிப் பாதிப் பேரை நினைத்துப் பாருங்கள். நாலு வயதில் பார்த்திருந்தால் அவர்களில் பலருக்கு ஒரு கண்ணாடியும், நல்ல கண்ணைத் தினம் இரண்டு மணி நேரம் மூடும் ஒட்டுத்துணியும் போதுமாக இருந்திருக்கும். மிதமான குறைக்கு ஆறு மணி நேரம் மூடினாலும் இரண்டு மணி நேரம் மூடினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2003லேயே சொல்லிவிட்டார்கள்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976இல் தொடங்கியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பள்ளிகளில் கண் பார்க்கச் சொன்னார்கள், இலவசக் கண்ணாடியும் கொடுத்தார்கள். ஆனால் நீண்ட காலம் அந்தத் திட்டத்தின் முதன்மைக் குறி 10 முதல் 14 வயது வரையிலான நடுநிலைப்பள்ளி மாணவர்கள். கிட்டப்பார்வை அந்த வயதில்தான் அதிகம் வெளிப்படும் என்பது காரணம். நியாயமான காரணம்தான். நாலு வயதுப் பிள்ளையின் மந்தமான கண் மட்டும் கணக்கில் வரவில்லை.

2013இல் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் வந்தது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு தடவை, பள்ளிக்கு ஒரு தடவை வரவேண்டும். முப்பது விதமான குறைபாடுகளைப் பார்க்கவேண்டும், அதில் பார்வையும் ஒன்று. காகிதத்தில் அருமையான திட்டம். ஓட்டை எங்கே என்றால், பள்ளி என்று அது சொல்வது அரசுப் பள்ளியையும் அரசு உதவி பெறும் பள்ளியையும். அதுவும் ஒன்றாம் வகுப்பிலிருந்து. அதற்குக் கீழே அங்கன்வாடி. இடையில் இருக்கிற தனியார் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளை இந்தத் திட்டத்தின் கண்ணிலேயே படாது. நம் ஊரில் மூன்றிலிருந்து ஆறு வயது வரை பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? ஆட்டோ ஓட்டுகிறவரும், மீன் ஏலம் எடுக்கிறவரும், துபாயில் வேலை பார்க்கிறவரும் கடன் வாங்கியாவது இங்கிலீஷ் மீடியத்தில்தானே போடுகிறார்கள். மூளை பார்வையைக் கற்றுக்கொள்கிற அதே மூன்று வருடத்தில், பீஸ் கட்டுகிற அப்பாவின் பிள்ளை அரசாங்கத்தின் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. பீஸ் வாங்குகிறவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதும் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பையன். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவனுக்கு மெட்ராஸ் ஐ வந்தது, வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. இரண்டு நாளாகக் கதவில் இடித்துக்கொண்டான். "அம்மா, ஒண்ணும் தெரியல" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்தார்கள். டாக்டரிடம் போனபோதுதான் திறந்திருந்த இடது கண்ணில் பார்வை மிகக் குறைவு என்று தெரிந்தது. "ஏன்டா இத்தனை நாளா சொல்லல?" என்று அவன் அம்மா கேட்டதற்கு, "எல்லாருக்கும் ஒரு கண்ணு இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேம்மா" என்றானாம். அந்த அம்மா என்னிடம் கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை. "ஏண்ணே, எல்.கே.ஜி.லேருந்து ஒரு வருசம் பாக்கி வெக்காம பீஸ் கட்டிருக்கேன். டைரில கவனமில்ல, கோடு தாண்டி எழுதுறான்னு எத்தனை தடவ எழுதி அனுப்பினாங்க. கண்ணைக் காட்டுங்கன்னு ஒருத்தராச்சும் எழுதியிருக்கலாம்ல?"

எழுதியிருக்கலாம். ஆனால் டீச்சருக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இனி வீட்டுப் பக்கம் வருவோம். நம்மிடமும் பதில் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது.

"வளர்ந்தா சரியாயிடும்." சின்னக் குழந்தையின் லேசான தூரப்பார்வை வளர வளரக் குறையும், உண்மைதான். எது லேசானது, எது அப்படி இல்லை என்பதைப் பரிசோதித்தால்தானே சொல்ல முடியும்? "மாறுகண் அதிர்ஷ்டம்." யாருக்கு? அந்தப் பிள்ளைக்கு இல்லை. "கண்ணாடி போட்டுப் பழக்கினா பவர் ஏறும்." மலேசியாவில் வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில், குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை அதிகமாக ஏறியது. "பொன்னாங்கண்ணியும் கேரட்டும் கொடுங்க." தாராளமாகக் கொடுங்கள், மாலைக்கண் வராது. கண்ணின் வடிவத்தால் வருகிற பவரைக் கீரை மாற்றாது.

"எல்லாம் செல்போனால வந்தது." இது இப்போது டாக்டர்கள் முதல் பட்டிமன்றப் பேச்சாளர்கள் வரை எல்லோருக்கும் பிடித்த பதில். பாதி உண்மை. குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 100க்கு 30 பேர், மற்றப் பள்ளிகளில் 40 பேர். ஆகவே பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள், நல்லது. ஆனால் ஒரு கண்ணில் மட்டும் பிறவியிலேயே பவர் இருக்கிற பிள்ளைக்குச் செல்போன் காரணம் இல்லை. போனைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டால், இரண்டு வருடம் வீணாகப் போகும்.

கண்ணாடிக் கடையில் "கம்ப்யூட்டர் செக்கப் இலவசம்" என்று போட்டிருக்கிறதே, அது போதாதா? சின்னப் பிள்ளைக்குப் போதாது. பிள்ளையின் கண் தன்னைத்தானே இறுக்கிச் சரிசெய்துகொள்ளும், மெஷின் ஏமாந்துவிடும். சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்து, அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிட்டுத்தான் பவரைக் கணக்கிட வேண்டும். ஒரு நாள் வெளிச்சம் கூசும், புத்தகம் மங்கும், பிள்ளை அழும். அதற்காகத் தள்ளிப்போடுவது நியாயம் ஆகாது.

அடுத்தது பேச்சுக்கு வராத காரணம், வெட்கம். பெண் பிள்ளைக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தால் பாட்டியின் முகம் மாறுகிறது. "இப்பவே போட்டா நாளைக்கு யாரு கட்டிக்குவா?" நாலு வயதில் கல்யாணக் கவலை! பையனுக்கு 'சோடாபுட்டி', 'நாலு கண்ணு'. கண்ணாடி போட்டவனைக் கோமாளியாக்கியும், கதாநாயகி கண்ணாடியைக் கழற்றியதும் அழகியாவதாகக் காட்டியும் நம் சினிமா செய்த உபகாரமும் இதில் உண்டு. இது வெறும் மனக்குறை சமாசாரம் இல்லை. புனே பக்கம் கிராமப் பள்ளிகளில் கண்ணாடி கொடுத்த பிள்ளைகளைப் பிறகு போய்ப் பார்த்தபோது, மூன்றில் ஒருவர்கூட அதைப் போட்டிருக்கவில்லை. சொன்ன காரணங்களில் கேலியும் ஒன்று. சீனாவில் கான்சு, ஷான்சி மாகாணங்களில் 3000க்கும் அதிகமான பிள்ளைகளை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஆய்வில், இலவசக் கண்ணாடி பெற்ற பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் உயர்ந்தது. கேலி செய்து கழற்ற வைக்கிறவர்கள் எதைக் கழற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளட்டும். பிள்ளையைக் 'கண்ணு' என்று கூப்பிடுகிற ஜனங்கள் நாம்.

"நடைமுறைக்கு ஒத்துவராது" என்று ஆபீஸில் சொல்வார்கள். கணக்குப் போடுவோம். 2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை 2,00,222. ஆயிரம் பேருக்குப் பதினைந்து பிறப்பு என்று தாராளமாக வைத்தாலும் வருடத்துக்கு 3000 பிள்ளைகள். பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு நாளைக்கு 30 பிள்ளைகளைப் பார்த்தால் 100 வேலை நாள். அவ்வளவுதான்! எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் போட்ட அட்டை இருக்கிறது. வாய் திறக்காத பிள்ளைக்கு ஒரு மீட்டர் தள்ளி நின்று சில விநாடியில் பார்க்கிற கருவியும் வந்துவிட்டது. மந்தமான கண் 100க்கு 1 முதல் 3 பிள்ளைகளுக்கு இருக்கும் என்பது பல நாட்டு ஆய்வுகளின் கணக்கு. அதன்படி வருடந்தோறும் இந்தச் சின்ன ஊரில் 30 முதல் 90 பிள்ளைகள். சிகிச்சைக்கு ஜிப்மரின் கிளைக் கல்லூரியே 2016இல் இங்கே வந்துவிட்டது. அதற்கு மேல் தேவைப்படுகிற பிள்ளையை 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற புதுச்சேரிக்குக் கூட்டிப்போக ஒரு வேன் போதும்.

2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறில் திரண்ட கூட்டத்துக்குப் பந்தல், தண்ணீர், போலீஸ், பஸ் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்த நிர்வாகம் இது. வருடம் 3000 பிள்ளைகளை வரிசையில் நிறுத்தமுடியாது என்று அது சொன்னால் நம்ப முடியாது. தமிழ்நாட்டுத் திட்டங்கள் வாஞ்சூரில் நின்றுவிடும், புதுச்சேரித் திட்டங்கள் வந்துசேர நாளாகும் என்பது நம் பழைய குறை. எல்லை தாண்டி இங்கே வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்பதும் ஊர் அறிந்த சங்கதி. ஒரு தடவையாவது வேறு நல்ல காரணத்துக்கு இந்த ஊர்ப் பெயர் அடிபடட்டுமே. பள்ளிப் பிள்ளைக்கு மதியச் சோறு போடுவதைப் பிரெஞ்சு நிர்வாகம் 1930இல் புதுச்சேரியில் தொடங்கியது. வயிற்றைப் பார்த்தது பள்ளியின் வேலை என்றால் கண்ணைப் பார்ப்பதும் பள்ளியின் வேலைதான்.

நமக்குப் பாரிஸ் சொந்தங்கள் உண்டு. அங்கே பிள்ளை நர்சரியில் சேர்ந்தால் மூன்று நாலு வயதில் அரசின் தாய்சேய் நலப் பிரிவு பள்ளிக்கே வந்து கண்ணும் காதும் பார்க்கும். ஸ்வீடனில் நாலு வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் பார்த்துப் பார்த்தே கடுமையான மந்தப் பார்வையை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள். ஒரே குடும்பத்தில், அங்கே பிறந்த பேரனின் கண்ணை அரசாங்கம் தேடி வந்து பார்க்கிறது. இங்கே பிறந்த பேத்திக்கு மெட்ராஸ் ஐ வந்தால்தான் உண்டு.

புதுச்சேரிக் கல்வித்துறையும் சுகாதாரத்துறையும் சேர்ந்து ஒரே ஒரு உத்தரவு போட்டால் போதும். எல்.கே.ஜி. சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி: வலது கண், இடது கண், பரிசோதித்த தேதி. சீட்டு இல்லாமல் வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது, ஒரு மாதத்துக்குள் பள்ளியே பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். குறை தெரிந்த பிள்ளைக்கு இலவசக் கண்ணாடி, உடையும் என்பதால் வருடத்துக்கு இரண்டு. வகுப்பில் கேலி நடந்தால் டீச்சர் பொறுப்பு.

உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று ராத்திரி பிள்ளை டிவி பார்க்கும்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை. ஒரு பக்கம் மூடும்போது சும்மா இருந்துவிட்டு மறுபக்கம் மூடினதும் கையைத் தட்டிவிட்டால், காலையில் முதல் வேலையாகக் கண் டாக்டரிடம் போங்கள். தட்டிவிடவில்லை என்றாலும் இந்த மாதத்துக்குள் ஒரு தடவை போய்வாருங்கள். வீட்டில் பார்ப்பது பரிசோதனை ஆகாது.