நான்கு சக்கரமும் இரண்டு சோபாவும்

மோட்டார் கார் என்பது நான்கு சக்கரங்களின் மேல் வைத்த இரண்டு சோபாக்களேயன்றி வேறென்ன என்று லி ஷுஃபு ஒரு சமயம் சொன்னதாக வழங்கும் பேச்சைக் கேட்டு, அத்தொழிலில் தலைமுறை தலைமுறையாய் ஊறியவர்கள் பரிகசித்ததில் ஆச்சரியமில்லை. சீன தேசத்தின் ஜெஜியாங் மாகாணத்துத் தைஜோவில் குடியானவர் வீட்டில் பிறந்து, 1986-இல் குளிர்சாதனப் பெட்டிக்கான உதிரி பாகங்களில் தொடங்கி, பிறகு மோட்டார் சைக்கிளுக்குத் தாவிய அம்மனிதரின் ஜீலி கம்பெனி, 1998-இல் முதல் காரை வெளிக்கொணர்ந்தும், கார் செய்வதற்கான சொந்த லைசென்ஸைப் பெற 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அக்கம்பெனி 2024-இல் விற்ற கார்கள் 21 லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு, மின்சாரத்தால் மட்டுமோ மின்சாரமும் பெட்ரோலும் சேர்ந்தோ ஓடுபவை.

இதற்கெல்லாம் அரசாங்க மானியமே காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். மானியம் இருந்தது, வாஸ்தவந்தான். ஆனால் அதே தேசத்தில், அதே மோட்டார் சைக்கிள் தொழிலிலிருந்து புறப்பட்டு, அதே மானியத்தின் நிழலில் மின்சாரக் கார் செய்ய முனைந்த லிஃபானின் கதி வேறாயிற்றே! சோங்கிங் நகரில் 1992-இல் யின் மிங்ஷான் ஸ்தாபித்த அந்தக் கம்பெனி, 2010-இல் ஷாங்காய் பங்குச் சந்தையில் ஏறியது. 2020-இல் கடன் தாளாமல் நீதிமன்றத்தின் படியேறியது.

லிஃபான் பங்குச் சந்தையில் ஏறிய அதே 2010-இல்தான், ஃபோர்டு கம்பெனி 1999-இல் 645 கோடி டாலர் கொடுத்து வாங்கியிருந்த ஸ்வீடன் தேசத்து வோல்வோவை, 180 கோடி டாலர் விலை பேசி ஜீலி வாங்கியது. மலிவாகச் செய்யும் சாமர்த்தியம் ஓர் எல்லை வரைதான் செல்லும் என்பதை லி ஷுஃபு உணர்ந்திருந்தார் என்பதே என் அபிப்பிராயம். எஞ்சினும் கியர்பெட்டியும் நீங்கி, பாட்டரியும் மோட்டாரும் அவ்விடத்தில் அமரும்போது, பழைய தொழிற்சாலைகளின் நூறாண்டு வித்தையில் பெரும்பகுதி மதிப்பிழந்துபோகிறது என்பது மெய். ஆயினும் மோதலில் உயிர் காக்கும் உடற்கட்டு, குலுங்காத ஓட்டம், நெடுநாள் உழைப்பு ஆகியவை எந்த விசையால் ஓடும் வண்டிக்கும் வேண்டியவை. வோல்வோ அவற்றில் தேர்ந்த ஆசான். வாங்கிய ஆசானைத் தன் வேலைக்காரனாக்கிவிடாமல், ஸ்வீடனிலேயே சுயேச்சையாக இயங்கவிட்டு, 2013-இல் கோத்தன்பர்க்கில் இருவருக்கும் பொதுவானதோர் ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவிக் கற்றுக்கொண்ட பொறுமை, அவசரக்காரர் என்று பெயரெடுத்த ஒருவரிடம் யாரும் எதிர்பாராதது. 2021-இல் தோன்றிய ஸீக்கர் மின்சாரக் கார் அந்தக் கல்வியின் பலன். அந்தக் கூடமே பின்னர் ஸீக்கரின் பெயரைத் தாங்கிற்று.

லிஃபானும் அடியோடு மறைந்துவிடவில்லை. அதன் மறுசீரமைப்பில் ஜீலியும் கைகொடுக்க, இருவரும் சேர்ந்து செய்யும் மின்சாரக் கார்கள், பாட்டரியைக் கழற்றி மாற்றும் வசதியோடு, ஓரெழுத்து மாறி, லிவான் என்ற பெயரில் இப்போது ஓடிக்கொண்டிருக்கின்றன.