பெருநாள் துவக்கு எத்தின ஜூல்?

பெருநாள் தொழுகை முடிஞ்சு வீட்ட வந்து வட்டிலப்பத்துல கை வைக்க முந்தியே எங்கட ஒழுங்கையில "டிக், டிக்" எண்டு சத்தம் தொடங்கிடும். வாப்பாவும் மாமாமாரும் குடுத்த பெருநாள் காசு பொடியன்மார்ர கையில ஒரு மணித்தியாலம் கூட நிக்காது. நேரா கடைத்தெருவுக்குப் போகும். திரும்பி வரக்குள்ள ஒரு கறுப்புத் துவக்கும் ஒரு பக்கெட் மஞ்சள் குண்டும் இருக்கும். கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம் வந்தால் அதே கதை இன்னொரு தடவை.

இரண்டு வருசத்துக்கு முந்தி ஒரு பெருநாளில் எங்கட சாச்சிட மகனுக்குக் கண்ணில் பட்டது. அவனுக்கு அப்ப ஒன்பது வயசு. அவன் துவக்கு வச்சிருக்கவும் இல்லை, விளையாடவும் இல்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். கண்மணிக்கு முன்னால இரத்தம் கட்டி, கறுப்பு முழியின் கீழ்ப்பக்கம் சிவப்பாக ஒரு பிறை மாதிரி தெரிந்தது. தலையை உயர்த்தி வைத்துப் படுக்கணும், ஓடக்கூடாது, குனியக்கூடாது, முதல் சில நாளுக்குள் திரும்ப இரத்தம் கசிந்தால் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். ஒன்பது வயசுப் பொடியனைப் பெருநாள் வாரத்தில் அசையாமல் படுக்க வைப்பது எப்படி எண்டு சாச்சிக்கிட்டத்தான் கேட்கணும். அல்ஹம்துலில்லாஹ், பார்வை திரும்பிவிட்டது. ஆனால் கண்ணின் அமுக்கத்தை இப்பவும் வருசா வருசம் பார்க்கிறார்கள். அடிபட்ட கண்ணில் குளுக்கோமா பல வருசம் கழித்தும் வரலாமாம்.

அந்த நாட்களில் வீட்டுக்கு வந்த எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "யாரு சுட்டது?" அந்தத் துவக்கு எவ்வளவு பலம் எண்டு ஒருத்தரும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேட்காத கேள்வியைப் பற்றியது.

பெட்டியை எடுத்துப் பாருங்க. எத்தனை மீட்டர் பாயும் எண்டு பெரிசா போட்டிருக்கும். கடைக்காரக் காக்காவும் அதைத்தான் சொல்லி விற்பார். ஆனால் தூரம் என்பது குண்டு எங்க போய் விழும் என்ற கணக்கு மட்டும்தான். கல்முனைக்குடியில் வேலிக்கு வேலி முட்டித்தான் வீடுகள் இருக்கின்றன. எங்கட ஒழுங்கையில் எதிர் வீட்டு வாசல் மூன்று மீட்டர் இருந்தால் பெரிய விசயம். ஐம்பது மீட்டர் பாயுமா எண்டு சோதிக்க இங்க இடம் ஏது? மூன்று மீட்டரில் அது என்ன பலத்தோடு வருகுது என்பதுதான் எங்கட கேள்வி.

அந்தப் பலத்துக்குத்தான் ஜூல் எண்டு பேர். ஓ/எல் விஞ்ஞானத்தில் படித்த அதே இயக்க சக்திதான்: திணிவில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கணும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு. ஏர்சொஃப்ட் குண்டு 6 மி.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் உருண்டை. கடைகளில் கிடைக்கும் மலிவான குண்டு ஏறத்தாழ 0.12 கிராம், விளையாட்டாகவே ஆடுகிறவர்கள் பாவிப்பது 0.20 கிராமும் அதற்கு மேலும். 0.20 கிராம் குண்டு செக்கனுக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் சரியாக 1 ஜூல். அதே 1 ஜூலுக்கு 0.12 கிராம் குண்டு கிட்டத்தட்ட 129 மீட்டர் வேகத்தில் போகணும். ஆனால் இலேசான குண்டைக் காற்று சீக்கிரம் பிடித்து நிறுத்திவிடும். பாரமான குண்டு மெதுவாகக் கிளம்பினாலும் சக்தியைத் தூரத்துக்குக் கொண்டுபோகும். நல்ல துவக்குகளில் குண்டுக்குப் பின்சுழற்சி கொடுக்கிற "ஹொப்-அப்" இருக்கும். சுழலும் பந்தைக் காற்று மேலே தூக்குவதால் அதே சக்தியில் கூடுதல் தூரம் போகும். அதனால் "தூரம் கூட" என்றால் "பலம் கூட" என்று அர்த்தமில்லை. "தூரம் குறைவு" என்றால் "பயமில்லை" என்றும் அர்த்தமில்லை.

நானும் இரண்டு கூட்டாளிமாரும் சாச்சி வீட்டு அலுமாரிக்கு மேல கிடந்த அதே துவக்கை எடுத்து அளந்து பார்த்தோம். பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. மூன்று மீட்டர் தள்ளி ஒரு தகரத்தைக் கட்டி, போனைச் சரியாக நடுவில் வைத்து ஒலியைப் பதிந்தோம். சுடுகிற சத்தமும் தகரத்தில் படுகிற சத்தமும் போனுக்கு ஒரே தூரத்தில் இருந்து வருவதால், இரண்டுக்கும் இடையில் இருக்கும் நேரம்தான் குண்டு பறந்த நேரம். எங்களுக்கு வந்தது ஏறத்தாழ 0.055 செக்கன். அப்படியென்றால் செக்கனுக்கு 55 மீட்டர். 0.12 கிராமோடு பெருக்கினால் 0.18 ஜூல். இது வழியில் வரும் சராசரி, குழல் வாயில் இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும்.

0.18 ஜூல் எண்டா என்ன? 100 கிராம் சவர்க்காரக் கட்டி ஒரு சாண் உயரத்திலிருந்து விழுற சக்தி. "இவ்வளவுதானா" எண்டு சிரிப்பீங்க. நாங்களும் சிரிச்சோம். ஆனால் சவர்க்காரம் கன்னத்தில் விழுந்தால் அந்தச் சக்தி கன்னம் முழுக்கப் பரவும். டெனிஸ் பந்து முகத்தில் பட்டால் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு முதலில் வாங்கிக்கொள்ளும். 6 மி.மீ. குண்டுக்கு அந்த எலும்பு ஒரு தடையே இல்லை. முழுச் சக்தியும் பச்சரிசி அளவு இடத்தில், நேரே கருவிழியில் இறங்கும். தோலில் பட்டால் சிவப்புப் புள்ளி. கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரி. சுவரில் பட்டுத் தெறித்து வருவதும் இருக்கிறது. சில நேரம் சுட்ட பொடியனுக்கே படும்.

இந்த 0.18ஐ வேறு நாட்டுக் கணக்கோடு வைத்துப் பாருங்க. ஏர்சொஃப்ட் பிறந்த ஊர் ஜப்பான். உண்மைத் துவக்கை இலேசில் வைத்திருக்க முடியாத நாட்டில் வளர்ந்த விளையாட்டு அது. அங்க 6 மி.மீ. குண்டுக்கு உச்சவரம்பு 0.98 ஜூல் என்று 2006இல் சட்டமே கொண்டுவந்தார்கள், அதுவும் பெரியவர்களுக்கு. 10 வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு விற்கும் துவக்குக்கு அங்குள்ள உற்பத்தியாளர்கள் தாங்களே வைத்திருக்கும் வரம்பு 0.135 ஜூல். ஜெர்மனியில் 0.5 ஜூலுக்கு மேல போனால் அது விளையாட்டுச் சாமான் இல்லை. பிரித்தானியாவில் 2017 சட்டப்படி தானாகத் தொடர்ந்து சுடுவதற்கு 1.3, ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5. ஆக, எங்கட ஒழுங்கையில் ஒன்பது வயசுப் பிள்ளையை நோக்கி வந்த குண்டு, ஜப்பானில் பத்து வயசுப் பிள்ளைக்கே விற்காத பலத்தில் வந்திருக்கிறது.

"தம்பி, நாங்களும் கெட்டப்போல் அடிச்சித்தானே வளர்ந்தோம்" எண்டு ஒரு மாமா சொன்னார். உண்மைதான். ஆனால் கெட்டப்போலை இழுத்துக் குறிவைத்து ஒரு கல் அடிப்பதற்குள் முன்னால நிக்கிறவன் ஓடிடுவான். அதோடு, கல் பட்டால் மண்டை உடையும் எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "இது பிளாஸ்டிக்தானே" என்கிற எண்ணம்தான் இந்தத் துவக்கில் இருக்கிற பெரிய ஆபத்து. 2015 நோன்புப் பெருநாளில் ஆப்கானிஸ்தானில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், இந்தக் குண்டுகளால் கண் காயப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அந்த நாட்டு அரசு இவற்றைத் தடை செய்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த நாடு, விளையாட்டுத் துவக்குக்குத் தடை போட வேண்டி வந்தது.

இன்னொரு விசயம் நிறம். 2014இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தாமிர் ரைஸ் என்ற 12 வயசுப் பிள்ளையைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. கையில் இருந்தது ஏர்சொஃப்ட் துவக்கு, அதன் முனையில் இருக்க வேண்டிய செம்மஞ்சள் அடையாளம் கழன்றிருந்தது. தூரத்து ஊர்க் கதை எண்டு விட ஏலாது. 2019 ஏப்ரல் 26 இரவு பக்கத்துச் சாய்ந்தமருதில் கேட்ட வெடிச்சத்தம் எங்கட வீடுகளுக்கும் கேட்டது. அதற்குப் பிறகு எத்தனை மாசம் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டினோம்? எங்கட உம்மாமாருக்கு உண்மைத் துவக்கு எப்படி இருக்கும் எண்டு நல்லாத் தெரியும். அச்சு அசலாக அதே மாதிரி ஒரு கறுப்புச் சாமானைப் பிள்ளையின் கையில் கொடுத்துத் தெருவில் விடுவது எங்கட ஊருக்குப் பொருந்துமா?

நான் முழுத் தடை கேட்கவில்லை. ஏர்சொஃப்டை ஒழுங்காக ஆடுகிற இடங்களில் வாசலிலேயே ஒவ்வொரு துவக்கின் வேகத்தையும் அளக்கிறார்கள். கண்ணை முழுசாக மூடும் கண்ணாடி போடாமல் ஒருத்தரையும் மைதானத்துக்குள் விடுவதில்லை. அந்த ஒழுங்கோடு வந்தால் நானே முதல் ஆளாகப் போவேன். நாங்கள் அந்த விளையாட்டின் துவக்கை மட்டும் இறக்கிவிட்டு அதன் ஒழுங்கைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம்.

கேட்பது மூன்று விசயம். ஒன்று, பெட்டியில் ஜூல் இல்லாத துவக்கைக் கடைக்காரர் எடுக்கக் கூடாது. பொருட்களின் லேபல் பற்றிப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டு, கொடியேற்றத்துக்கும் பெருநாளுக்கும் கடை போட இடம் கொடுக்கிறவர்கள் குண்டு பாயும் துவக்கு விற்கக் கூடாது என்று ஒரு வரி நிபந்தனை சேர்க்கட்டும். மூன்று, வாங்கித்தான் ஆகணும் என்றால் வாப்பாமார் ஒரு தகரமும் ஒரு போனும் எடுத்து அளந்து பாருங்க, நல்ல கண்ணாடியும் சேர்த்து வாங்குங்க. கறுப்புக் கூலிங் கிளாஸ் இதற்குச் சரிவராது, அது உடைந்து கண்ணுக்குள் போகும்.

அப்படியும் பட்டுவிட்டால் கசக்க வேண்டாம், அமத்த வேண்டாம், பன்னீரோ தாய்ப்பாலோ விட வேண்டாம், அஸ்பிரின் கொடுக்க வேண்டாம். கண்ணில் முட்டாமல் ஒரு கடதாசிக் கப்பால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நோவு குறைந்துவிட்டது எண்டு வீட்டில் இருக்காதீங்க, உள்ளே நடப்பது நோவில் தெரியாது.

சாச்சிட மகனைச் சுட்டவன் பக்கத்து வீட்டுப் பொடியன், அவனுக்கும் ஒன்பது வயசுதான். அந்தப் பெருநாளுக்குப் பிறகு எங்கட வீட்டு வாசல் பக்கம் வரவே அவன் வெட்கப்பட்டான். போன பெருநாளில்தான் இரண்டு பேரும் திரும்ப ஒன்றாக விளையாடினாங்க. "யாரு சுட்டது?" எண்ட கேள்வியை அந்தச் சின்னப் பிள்ளை இரண்டு வருசமாத் தனியாச் சுமந்திருக்கான். அவனுக்கு அந்தச் சாமானை வாங்கிக் கொடுத்ததும், விற்றதும், ஊருக்குள் வர விட்டதும் பெரியவங்க நாங்கதானே?