காத்தாடிக்கு வெள்ளை, சாயத்துக்கு சிவப்பு, நொய்யலுக்கு?

திருப்பூர்ல சாயப்பட்டறை. உடுமலை, பூளவாடி பக்கம் நாலு காத்தாடி. ரெண்டுக்கும் சொந்தக்காரர் பல சமயம் ஒருத்தரேதான். நம்ம பக்கம் இது ஒண்ணும் அதிசயம் இல்லீங்க. ஆனா அரசாங்கக் காகிதத்துல இந்த ஒரே மனுஷன் ரெண்டு ஆளு. 2016-ல மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களையெல்லாம் நிறம் பிரிச்சப்ப சாயப்பட்டறைக்கு சிவப்பு, காத்தாலைக்கு வெள்ளை. சிவப்புன்னா அனுமதி, ஆய்வு, நோட்டீஸ். வெள்ளைன்னா வாரியத்தோட இசைவாணையே வேண்டாம்.

சிவப்பு ஃபைலைப் பாக்கறது மாசு கட்டுப்பாட்டு வாரியம். காத்தாலைக் கரண்ட்டோட கணக்கைப் பாக்கறது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ரெண்டு ஆபீசும் சென்னை கிண்டியிலதான் இருக்கு. ஆனா ஒரு ஃபைல் இன்னொரு ஃபைலைப் பாத்ததே கிடையாது. நொய்யல் இன்னும் முழுசா தெளியாததுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்றேன், பொறுமையாப் படிங்க.

முதல்ல பழைய கதை கொஞ்சம். ஊர்க்காரங்களுக்குத் தெரியும், மத்த நண்பர்களுக்காக.

பருத்தித் துணியில சாயம் ஏறணும்னா உப்பு வேணும். நிறைய வேணும். சாயத்தை நூல் பக்கம் தள்ளி விடறதுதான் உப்போட வேலை. அது துணியில ஒட்டாது, மொத்தமும் தண்ணியோட வெளிய வந்துடும். அந்தக் காலத்து சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் நாத்தத்தையும் ஓரளவு குறைச்சதே ஒழிய, கரைஞ்ச உப்பை ஒண்ணும் பண்ண முடியல. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல கரைஞ்ச உப்பு இருக்கக் கூடாதுங்கறது வாரியத்தோட அளவு. அது ஏட்டுல இருந்துச்சு. தண்ணி ஆத்துல போச்சு.

அந்த ஆத்துக்குக் குறுக்க கட்டின ஒரத்துப்பாளையம் அணை 1992-ல பயன்பாட்டுக்கு வந்துச்சு. பாசனத்துக்காக கட்டினது. கொஞ்ச வருஷத்துலயே அது சாயத்தண்ணித் தொட்டியாயிடுச்சு. அணையில தண்ணி தேக்காதீங்கன்னு விவசாயிகளே கேட்டாங்க. தண்ணிக்காக சண்டை போட்டே பழகின நாட்டுல, எங்களுக்குத் தண்ணி வேண்டாம்னு சொல்ல வச்ச பெருமை நம்முளுது.

அப்புறம் கோர்ட்டு. வேலூர், ஆம்பூர் பக்கத்து தோல் தொழிற்சாலை வழக்குல 1996 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லுச்சு. மாசு பண்ணினவன்தான் அதுக்கு விலை குடுக்கணும்ங்கற விதி நம்ம நாட்டுச் சட்டத்துல ஒரு பகுதின்னு அதுல தெளிவாச்சு. அந்தத் தீர்ப்பால உருவான சூழல் இழப்பு ஆணையம்தான் 2004-ல நொய்யல் கணக்கையும் போட்டுச்சு. 68 கிராமம், 28,596 பேருக்கு பாதிப்பு, நஷ்ட ஈடு கிட்டத்தட்ட 24.8 கோடி ரூபா. ஆயக்கட்டுக்காரங்க 2003-ல போட்ட வழக்குல 2006 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டு கூட வெளிய விடாத அளவுக்கு சுத்திகரிக்கணும், அதுவரைக்கும் விடற ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவுல ஆரம்பிச்சு 10 பைசா வரைக்கும் கட்டணும்னு உத்தரவு போட்டுச்சு. 2009 அக்டோபர்ல உச்ச நீதிமன்றமும் அந்தப் பக்கமே நின்னு, மூணு மாசம் டைம் குடுத்துச்சு. ஆனா எதுவும் மாறல. 2011 ஜனவரி 28-ஆம் தேதி உயர் நீதிமன்றம், எல்லாத்தையும் மூடு, கரண்ட்டைப் புடுங்குன்னு சொல்லிடுச்சு. எழுநூத்துக்கும் மேல சாய, சலவைப்பட்டறைங்க ஒரே அடியா நின்னுச்சு. வேலை போச்சு. வண்டி ஏறி சொந்த ஊருக்குப் போனவங்க எத்தனையோ பேர்.

இதுல ஒண்ணு கவனிங்க. தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-ல வந்தது. அதுல 1988-லயே 33ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்துட்டாங்க. மாசு பண்ற ஆலையை மூடவும், அதோட கரண்ட்டை நிறுத்தவும் வாரியமே உத்தரவு போடலாம். அதாவது அணை கட்டி முடிக்கறதுக்கு முன்னாடியே அந்த அதிகாரம் வாரியத்தோட கையில இருந்துச்சு. அத்தனை பட்டறைங்களோட ஃப்யூஸைப் புடுங்க 23 வருஷம் கழிச்சு ஒரு கோர்ட்டு வர வேண்டியிருந்துச்சு.

சரி, இப்ப நான் சொல்ல வந்த விஷயம்.

ஜீரோ டிஸ்சார்ஜ்னு சொல்றது சும்மா வர்றதில்லை. கழிவுத்தண்ணியை கிருமி விட்டு சுத்தம் பண்ணி, ஆர்.ஓ. சவ்வுல அழுத்தித் தள்ளி, அதுல மிஞ்சற உப்புத்தண்ணியை எவாப்பரேட்டர்ல கொதிக்க வச்சு, கடைசியில உப்பா எடுக்கணும். மோட்டார் ராத்திரி பகலா ஓடணும். பாய்லருக்கு லோடு லோடா விறகு வேணும். ஆத்தைக் காப்பாத்தற சட்டத்துக்கு ஆகற செலவுல பெரும் பங்கு கரண்ட்டும் விறகும்தான். 2011-ல மாநில அரசு பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி வட்டியில்லாக் கடன் அறிவிச்சது. அருள்புரத்துல உப்புத்தண்ணியையே திரும்ப சாயத்துக்குப் பயன்படுத்தற முறையை சோதிச்சுக் காட்டினாங்க. நல்ல வேலைதான். ஆனா மாசாமாசம் வர்ற எரிசக்தி பில்லு அப்படியே நிக்குது.

பட்டறைக்காரர் யோக்கியமா நடந்தா பில்லு ஏறுது. ராத்திரி மழையோட மழையா திறந்து விட்டா பில்லு குறையுது. மழை பேஞ்சா நொய்யல்ல வெள்ளை வெள்ளையா நுரை பொங்கற படம் வருஷா வருஷம் பேப்பர்ல வருது. அதுல கோயமுத்தூர் சாக்கடைக்கும் பங்கு இருக்கு, அதை யாருங்க கேக்கறதுன்னு பட்டறைக்காரங்க கேக்கறாங்க. நியாயமான கேள்வி. மாநகராட்சிக்கும் அதே 1974 சட்டம்தான். ஆனா பக்கத்து வீட்டுக்காரன் குப்பை கொட்டறான்னு நாமும் கொட்ட முடியாதே.

நம்ம சட்டத்துக்கு கரண்ட்டுங்கறது ஒரு குச்சி. தப்பு பண்ணினா அடிக்கும். அதையே ஒழுங்கா நடக்கறவனுக்கு உதவியா மாத்த முடியாதா? பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து நம்ம சொத்து. மே மாசம் ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் பல்லடம், உடுமலை பக்கம் காத்தாடிங்க நிக்காம சுத்துது. அந்தக் கரண்ட்டை ஈபி-கிட்ட குடுத்து வச்சு, காத்து இல்லாத மாசத்துல திருப்பி வாங்கற சேமிப்பு வசதி இருக்குல்ல, அதை எந்தக் காத்தாடிக்கு எவ்வளவு நாள் குடுக்கறதுன்னு பெரிய சண்டை. 2018-ல ஆணையம் போட்ட உத்தரவுல, அந்த வருஷம் மார்ச்சுக்கு அப்புறம் போட்ட காத்தாடிகளுக்கு ஒரு வருஷ சேமிப்பு கிடையாதுன்னு ஆச்சு. காத்தாடிக்கு எத்தனை வயசுன்னு பாத்தாங்க. அந்தக் கரண்ட்டு எதுக்குப் போகுதுன்னு பாக்கல.

என் யோசனை மூணுதான்.

ஒண்ணு, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போற காத்தாலை, சூரிய மின்சாரத்துக்கு வருஷம் முழுக்க சேமிப்பு வசதி குடுங்க. காத்தாடி புதுசா பழசான்னு பாக்காதீங்க.

ரெண்டு, அதுக்கு பதிலா கணக்கு கேளுங்க. இத்தனை லிட்டரை ஆவியாக்க இத்தனை யூனிட், இத்தனை டன் விறகுன்னு கணக்கு இருக்கு. சாயம் போட்ட துணி கூடி, எவாப்பரேட்டர் எரிச்ச விறகும் கரண்ட்டும் குறைஞ்சிருந்தா தண்ணி வேற எங்கயோ போயிருக்குன்னு அர்த்தம். கழிவு பைப்புல வச்ச மீட்டரைச் சுத்தி இன்னொரு பைப் போட்டுடலாம். ஈபி மீட்டரோடயும் விறகு பில்லோடயும் அப்படி விளையாடறது கஷ்டம். மாசாமாசம் அந்த நம்பரை நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. ஆயக்கட்டு விவசாயியே படிச்சுப் பாத்துக்குவார்.

மூணு, ஆத்துல விட்டு மாட்டினா பட்டறைக்கு மட்டும் சீல் வச்சுட்டுப் போகாதீங்க. அதே ஓனரோட வெள்ளைக் காத்தாடிக்கு இருக்கற சலுகையும் போகட்டும்.

ஈபி ஏற்கனவே கடன்ல தத்தளிக்குது, ஆடியில வாங்கி மாசியில திருப்பிக் குடுத்தா அந்த நஷ்டத்தை யார் கட்டறதுன்னு கேப்பீங்க. சரியான கேள்வி. அதுக்கோசரம்தான் எல்லா மில்லுக்கும் கேக்கல, சுத்திகரிப்பு நிலையத்துக்கு மட்டும் கேக்கறேன். 2024-ல மின்வாரியத்தைப் பிரிச்சு பசுமை மின்சாரத்துக்குன்னே ஒரு கழகம் வச்சாச்சு. அதோட முதல் வேலைகள்ல ஒண்ணா இது இருக்கலாம்.

மாசு பண்ணினவனுக்கே சலுகையான்னு ஆயக்கட்டுக்காரர் கேட்டா, அவர் கோவம் எனக்குப் புரியுது. மண்ணு உப்பாகி, கிணறு கெட்டு, தென்னை காஞ்சு போனவர் அவர். ஆனா ஐயா, இவங்க யோக்கியமா இருக்கறதுக்கு ஆகற செலவு குறையாத வரைக்கும், ராத்திரி மழையில ஆத்தோரம் டார்ச் லைட்டோட காவல் நிக்கப் போறது நீங்கதான். எத்தனை ராத்திரிக்கு நிப்பீங்க?

சாயப்பட்டறை நடத்தற பதிவர்கள், ஈபி-யில வேலை பாக்கறவங்க, வக்கீல் நண்பர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தா, ரெண்டாவது யோசனை நடைமுறைக்கு ஒத்து வருமான்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. திட்டறதா இருந்தாலும் நம்பரோட திட்டுங்க. புண்ணியமாப் போகும்.