தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஏச்சு



படிநிலை இரண்டு வகுப்பொன்றில் ஒரு மாணவன் தன் நண்பனைப் பார்த்து, "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்றான். வகுப்பே சிரித்தது. ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. நூலைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

அவனை 2021-இல் முதலாம் ஆண்டு மாணவனாக நான் அறிவேன். நடமாட்டக் கட்டுப்பாட்டால் பள்ளிகள் மூடியும் திறந்தும் தடுமாறிய காலம் அது. இயங்கலை வகுப்பில் அவன் முகத்தைப் பார்த்த நாள்கள் மிகச் சில. வீட்டில் இருந்தது ஒரே கைத்தொலைபேசி, பிள்ளைகள் மூவர். அதை விசாரித்து அறியாமல், வருகைப் பதிவில் "அக்கறையின்மை" என்று எழுதியவன் நான். அவ்வாண்டு ஜூன் இறுதியில், உணவுக்கு வழியற்ற குடும்பங்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டலாம் என்னும் வெள்ளைக்கொடி இயக்கம் நாடெங்கும் பரவியபோதுதான், நாங்கள் சிலர் அரிசி மூட்டையுடன் சுங்காய் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களுக்குச் சென்றோம். அவன் வீட்டிற்கும் சென்றேன். தந்தைக்கு லாரி வேலை போய்விட்டிருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், எழுந்து "வாங்க சார்" என்றுகூடச் சொல்லவில்லை.

அரிசி கொடுத்தோம். அந்த மௌனத்திற்கு எதுவும் கொடுக்கவில்லை.

கட்டுப்பாடுகள் நீங்கின, வேலையும் கிடைத்தது. ஆனால் அந்தத் தந்தை மீளவில்லை. "சுகாதாரக் கிளினிக்கில் காட்டலாமே அம்மா" என்று நான் சொன்னபோது, அவன் தாய் பதறிப்போனார். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள் சார், நாளைக்குப் பிள்ளைகளை யார் மதிப்பார்கள்?" என்றார்.

ஈப்போவை அடுத்த அவ்வூரில் 1911-இல் மனநல மருத்துவமனை தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் அதற்குப் 'பஹாகியா' என்று பெயரிட்டனர். மலாய் மொழியில் மகிழ்ச்சி என்று பொருள். பேராக் மாநிலத்தில் வளர்ந்த நமக்கோ அந்த ஊர்ப்பெயர் ஏச்சாகவே வாயில் ஏறிவிட்டது. திருமண வீட்டில் சொல்கிறோம். ஆசிரியர் அறையிலும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாயின் காலைக் கட்டிப்போட்டதில் நம் ஒவ்வொருவரின் நாவுக்கும் பங்குண்டு.

சட்டம்கூட மாறிவிட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. உயிரை வெறுத்தவருக்குச் சிறையன்று, சிகிச்சையே வேண்டும் என்று நாடாளுமன்றம் ஏற்றது. இடைநிலைப்பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகியிருப்பதாகச் சுகாதார அமைச்சின் 2022-ஆம் ஆண்டு ஆய்வு தெரிவித்தது. நம் பள்ளியிலிருந்து படிவம் ஒன்றுக்குச் செல்லும் பிள்ளைகளும் அந்த மாணவர்களோடுதான் சேரப்போகிறார்கள்.

நாம் செய்வது என்ன? தன்முனைப்பு முகாம் நடத்துகிறோம். விளக்கை அணைத்து, சோக இசை ஒலிக்கவிட்டு, "உன் தாய் தந்தையின் கண்ணீரை நினைத்துப் பார்" என்று பிள்ளைகளை அழவைக்கிறோம். அழுதால் முகாம் வெற்றி என்று அறிக்கை எழுதுகிறோம். (சினம் கொள்வோர் கொள்ளட்டும்.) வீட்டில் தந்தை பேசாமல் கிடக்கும் பிள்ளையை, அதற்குத் தானே காரணம் என்று நம்பவைக்கும் வேலை அது. அந்தச் செலவில் பாதியைக் கொண்டு, பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரைத் தவணைக்கு ஒருமுறை அழைத்து, பெற்றோரோடு தமிழில் பேசவைக்கலாம். பிள்ளையை மட்டும் தேற்றி, வாடிய தந்தையிடமே திருப்பி அனுப்பினால் அது எத்தனை நாள் தாங்கும்?

அந்தத் தாய் சம்மதிக்க ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. கணவருடன் நானும் கிளினிக்குக்கு உடன் சென்றேன். யாரும் அவரை எங்கும் அனுப்பிவைக்கவில்லை. பேசினார்கள், மருந்து கொடுத்தார்கள், மறுமுறை வரச் சொன்னார்கள். இப்போதும் சில நாள்கள் அவர் வேலைக்குப் போவதில்லை. ஆயினும் பிள்ளையைப் பள்ளி வாசலில் இறக்கிவிடுபவர் பெரும்பாலும் அவரே.

அன்று வகுப்பில் சிரித்தவர்களை நான் கடிந்துகொள்ளவில்லை. அந்த மருத்துவமனை எதற்காக இருக்கிறது என்பதைக் கால் மணி நேரம் விளக்கினேன். ஹீல் உதவி எண் 15555-ஐயும், தாலியான் காசே 15999-ஐயும் வகுப்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டியுள்ளேன். பெற்றோர் புலனக் குழுவிலும் அனுப்பினேன். ஒருவர் மட்டும், இரவு பதினொரு மணிக்கு, தனியாகப் பதில் எழுதியிருந்தார்.