நம்பும் முன் ஐந்து சென்டில் சோதியுங்கள்

மென்பொருள் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு நிலத்துக்கு வருகிறவர்களை இப்போது பல ஊர்களில் பார்க்க முடிகிறது. சிலர் தாத்தா காலத்து நிலத்தைத் திருத்திப் பயிர் வைக்கிறார்கள். சிலர் சேமிப்பைப் போட்டுப் புதிதாக 3 ஏக்கர், 5 ஏக்கர் வாங்குகிறார்கள். இவர்களைப் பற்றி ஊரில் இரண்டு விதமான பேச்சு உண்டு. "படித்த பிள்ளைகள் வந்தால்தான் விவசாயம் உருப்படும்" என்பார்கள் சிலர். "சேற்றில் கால் வைக்காதவர்களுக்கு என்ன தெரியும்" என்பார்கள் வேறு சிலர்.

இரண்டுமே முழு உண்மை இல்லை. அவர்களுடைய தொழிலில் சில நல்ல பழக்கங்கள் உண்டு. அவற்றை எல்லா விவசாயிகளும் எடுத்துக்கொள்ளலாம். அதே தொழில் சில தவறான நினைப்புகளையும் ஊட்டிவிடுகிறது. அவற்றோடு வயலில் இறங்கினால் கையில் இருக்கும் பணம் கரையும்.

எனக்குத் தெரிந்த மென்பொருள் பொறியாளர் ஒருவர் 15 ஆண்டு வேலைக்குப் பிறகு நெல் பயிரிடுகிறார். தொழில்நுட்பம், வேலை, ஊடகம், வாழ்க்கை என எதைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் தீர்மானமான கருத்து இருக்கும். பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். மீதிக்காகச் சண்டை போடுகிறேன். அவர் சொல்வனவற்றில் நான்கை மட்டும் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

வயலில் பிறந்த சோதனை

அவருடைய முதல் கருத்து இது: "எங்கள் வேலையில் புதிய மாற்றம் எதையும் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே நாளில் கொடுக்க மாட்டோம். சிலருக்குப் புதியது, மற்றவர்களுக்குப் பழையது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எல்லாருக்கும். ஊரில் பார்த்தால், ராத்திரி செல்போனில் கேட்ட கரைசலைக் காலையில் 3 ஏக்கருக்கும் தெளிக்கிறார்களே?"

இதை நான் முழுவதும் ஏற்கிறேன். கூடுதலாக ஒன்று சொல்கிறேன். மென்பொருள்காரர்கள் 'ஏ/பி சோதனை' என்று சொல்லும் இந்த முறையின் வேர் விவசாய நிலத்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1843 முதல் உரச் சோதனைகள் நடந்து வருகின்றன. 1919-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர், வயல் சோதனையை எப்படி அமைத்தால் அதன் முடிவை நம்பலாம் என்று வகுத்துக் கொடுத்தார். ஒரே வயலுக்குள்ளும் மண் இடத்துக்கு இடம் மாறும். அதனால் ஒரு பாத்தியில் மட்டும் சோதித்தால் போதாது. பல பாத்திகளில் செய்ய வேண்டும். எந்தப் பாத்திக்கு எது என்பதை நம் விருப்பப்படி தேர்ந்தெடுக்காமல் குலுக்கிப்போட்டு முடிவு செய்ய வேண்டும் என்றார். இன்று உலகம் முழுவதும் மருந்துச் சோதனைக்கும் இணையதளச் சோதனைக்கும் இந்த அடிப்படையே பயன்படுகிறது. நம் கோயம்புத்தூரிலும் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இருக்கிறது.

ஆக, வயலில் இருந்து போன பழக்கம் அது. அதை வயலுக்குத் திரும்பக் கொண்டுவருவது எளிது.

புதிய உரமோ, கரைசலோ, ரகமோ எதுவானாலும் முதல் பருவத்தில் 5 சென்டில் மட்டும் சோதியுங்கள். அதை ஒட்டி இன்னொரு 5 சென்டை வழக்கமான முறையில் விடுங்கள். இரண்டுக்கும் நடவு நாள், நாற்றின் வயது, தண்ணீர், களையெடுப்பு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். சோதிக்கும் ஒரு பொருளைத் தவிர வேறு எந்த வித்தியாசமும் இருக்கக் கூடாது. மர நிழல் விழும் இடம், வாய்மடை ஓரம், எருக்குழி இருந்த இடம் வேண்டாம். நடுவில் சிறு வரப்பு போட்டால் உரம் கரைந்த நீர் கலக்காது. எந்தப் பக்கம் புதியது என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். நாமாகத் தேர்ந்தெடுத்தால், நம்மை அறியாமல் நல்ல பக்கத்தைப் புதியதற்குக் கொடுத்துவிடுவோம். முடிந்தால் வேறொரு வயலிலும் இதே போல ஒரு ஜோடி அமையுங்கள்.

அறுவடையின்போது ஓரப் பயிரை விட்டுவிட்டு, ஒவ்வொரு துண்டிலும் நடுவில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து தனியாக அறுங்கள். தூற்றிக் காய வைத்து எடை போடுங்கள். இந்த 25 சதுர மீட்டரில் 1 கிலோ கூடினால், ஏக்கருக்கு ஏறத்தாழ 160 கிலோ கூடுகிறது என்று கணக்கு. அந்தக் கூடுதல் நெல்லின் விலையில் இருந்து, புதிய பொருளின் விலையையும் தெளிக்கும் கூலியையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் லாபம்.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஒரே மாதிரி பராமரித்த இரண்டு துண்டுகளும்கூட எடையில் சற்று வேறுபடும். ஒரு வயலில் புதியது கூடுதலாகவும், அடுத்த வயலில் குறைவாகவும் வந்தால், அது மண்ணின் வேறுபாடாக இருக்கலாம். அவசரப்படாமல் அடுத்த பருவமும் பாருங்கள். இரண்டு வயலிலும் இரண்டு பருவமும் கூடுதலாக வந்தால் தைரியமாக ஏக்கர் கணக்கில் செய்யலாம்.

கணக்குப் பார்த்தால் உழக்கு மிஞ்சுமா?

"எங்கள் வேலையில் ஒரு வரியை மாற்றினாலும் யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று பதிவாகிவிடும். கோளாறு வந்தால் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம். வயலில் எல்லாம் ஞாபகத்தில்தான் இருக்கிறது" என்பது அவருடைய இரண்டாவது கருத்து.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்ற பழமொழியை நாம் வேதனையோடு சொல்கிறோம். ஆனால் அதையே கணக்கு எழுதாமல் இருப்பதற்கும் காரணமாக்கிவிட்டோம். எந்தச் செலவு உழக்கைத் தின்றது என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

40 பக்க நோட்டு ஒன்று போதும். விதைத்த நாள், ரகம், நடவு நாள், ஒவ்வொரு உரமும் இட்ட நாளும் அளவும், மழை பெய்த நாள், பூச்சி முதலில் கண்ணில் பட்ட நாள், கூலி, டீசல், விற்ற விலை ஆகியவற்றை எழுதுங்கள். வீட்டு ஆட்களின் உழைப்பையும் நாள் கணக்கில் குறியுங்கள். விதை வாங்கிய ரசீதையும் மூட்டையில் இருந்த அட்டையையும் அந்த நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். கொஞ்சம் விதையையும் எடுத்து வையுங்கள். முளைப்பு மோசமானாலோ கலப்பு ரகம் வந்தாலோ வாய்ப் பேச்சு எங்கும் எடுபடாது; இவைதான் உங்கள் பக்கம் பேசும்.

இங்கே மென்பொருளுக்கும் வயலுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அவர்கள் தவறான மாற்றத்தைச் சில நிமிடங்களில் திரும்பப் பெறலாம். நாம் இட்ட யூரியாவைத் திரும்ப எடுக்க முடியாது. தவறவிட்ட சம்பா அடுத்த ஆண்டுதான் வரும். அதனால் சிறிதாகச் சோதிப்பதும் எழுதி வைப்பதும் அவர்களைவிட நமக்கே அதிகம் தேவை.

செயலி பார்க்கட்டும், நீங்களும் பாருங்கள்

மூன்றாவது கருத்தில்தான் எங்களுக்குள் சண்டை. "திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை இயந்திரத்திடம் விட்டுவிட வேண்டும். மோட்டார், சொட்டுநீர், உரம் எல்லாம் செல்போனில் இருந்தே நடக்கும். வாரம் ஒருநாள் வயலுக்கு வந்தால் போதும்" என்கிறார்.

முதல் வாக்கியத்தை ஏற்கிறேன். கூலி ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் இயந்திரம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வரும்போது எழுந்து ஓடாமல் செல்போனில் மோட்டாரைப் போடுவது பெரிய நிம்மதி. ஆனால் மோட்டார் ஓடுகிறது என்று செல்போன் சொல்வதால் தண்ணீர் செடிக்குப் போகிறது என்று ஆகிவிடாது. வடிகட்டி அடைத்திருக்கலாம். எலி குழாயைக் கடித்திருக்கலாம். கடைசி வரிசையில் சொட்டுவான்கள் உப்புப் படிந்து நின்றிருக்கலாம். வரிசையோடு நடந்து போகிறவர் கண்ணில்தான் இவையெல்லாம் படும்.

இலையைப் படம் எடுத்து அனுப்பினால் நோயைச் சொல்லும் செயலிகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். நெல் இலை மஞ்சளாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தழைச்சத்துக் குறைவு என்றால் முதலில் அடி இலைகள் மஞ்சளாகும். இரும்பு, கந்தகக் குறைவு என்றால் இளம் இலைகள் முதலில் வெளுக்கும். துத்தநாகக் குறைவு நடவு செய்த சில வாரங்களில் அடி இலைகளில் துருப்பிடித்தது போன்ற புள்ளிகளாகத் தெரியும். பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோய் என்றால் பயிர் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகிக் குட்டையாக நிற்கும். ஒரே ஒரு இலையின் படத்தில் இவையெல்லாம் மஞ்சள்தான். எந்த இலையில் தொடங்கியது, வயல் முழுவதுமா திட்டுத் திட்டாகவா, தண்ணீர் தேங்கிய இடமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். துங்ரோ வந்த வயலில் தழைச்சத்துக் குறைவு என்று நினைத்து யூரியா போட்டால் பணமும் போகும், நாளும் போகும்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு கருவி இருக்கிறது: இலை வண்ண அட்டை. மின்கலம் இல்லை, இணையம் இல்லை. நடவு செய்த 14-ஆம் நாளில் இருந்து கதிர் வெளிவரும் வரை வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், 10 குத்துகளில் மேலே உள்ள முழுதாக விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். இலை மீது வெயில் படாமல் உங்கள் உடம்பால் மறைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது எல்லை. 10 இலைகளில் 6 அல்லது அதற்கு மேல் எல்லைக்குக் கீழே இருந்தால் மட்டும், பருவத்துக்கு ஏற்ப ஏக்கருக்குச் சுமார் 25 முதல் 30 கிலோ யூரியா இடலாம். மற்றபடி அந்த வாரம் யூரியா தேவையில்லை.

இந்த அட்டையை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. வாரம் ஒருமுறை அது உங்களை வயலுக்குள் இறக்கிவிடுகிறது. தொழில்நுட்பத்தை எடைபோட என்னிடம் உள்ள அளவுகோல் இதுதான். உங்களை வயலின் அருகில் கொண்டுபோனால் வாங்குங்கள். வயலுக்குப் போகாமல் இருக்கலாம் என்று ஆசை காட்டினால் இரண்டு தடவை யோசியுங்கள்.

வெற்றிக் கதைகளிடம் கேட்க வேண்டியவை

"பார்க்கிறவர் எண்ணிக்கைக்காக எடுக்கும் காணொலியில் தோற்றவரைக் காட்ட மாட்டார்கள்" என்பது அவருடைய நான்காவது கருத்து. இதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. 'வேலையை விட்டார், லட்சங்களில் சம்பாதிக்கிறார்' என்ற தலைப்பைப் பார்த்தே பலர் நிலத்துக்கு வருகிறார்கள். ஊரிலேயே இருக்கும் விவசாயியும் அதைப் பார்த்துத்தான் நகையை அடகு வைத்துப் புதிய பயிருக்குப் போகிறார்.

ஊடகமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. 1960-களில் தஞ்சை டெல்டாவில் ஏ.டி.டி.27 என்ற குறுகிய கால நெல் ரகம் திருச்சி வானொலி மூலம் பரவியது. விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் வானொலி மட்டும் அதைச் சாதிக்கவில்லை. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் சோதித்த ரகம் அது. அப்போது தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. வானொலி சொன்னதை ஊருக்கு வந்து விளக்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

இதற்கு நேர்மாறானதையும் பார்த்திருக்கிறோம். ஈரோடு மாவட்டத்தை மையமாக வைத்து வளர்ந்த ஈமு கோழி வளர்ப்பு 2012-ல் சரிந்தபோது ஆயிரக்கணக்கானவர்களின் பணம் முடங்கியது. அப்போதும் விளம்பரத்துக்குப் பஞ்சமில்லை. வளர்த்த கோழியை யார் சாப்பிடப் போகிறார்கள் என்ற கேள்வியைத்தான் யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

ஒரு வெற்றிக் காணொலியைப் பார்த்தால் இவற்றைக் கேளுங்கள்: அவருடைய மண் என்ன, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எத்தனை ஆண்டாக அந்தப் பயிரைச் செய்கிறார்? சொல்லும் தொகை வரவா, செலவு போக மிச்சமா? நிலத்தின் விலை, கிணறு, வேலி, சொந்த உழைப்பு ஆகியவை கணக்கில் உண்டா? விளைந்ததை யார் வாங்குகிறார், போன ஆண்டு என்ன விலைக்கு வாங்கினார்? கடைசியாக, கன்றும் விதையும் விற்பவர் அவரேயா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால், அவருடைய லாபம் பயிரில் இருந்து வருகிறதா, உங்களிடம் இருந்து வருகிறதா என்று பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். அவர்கள் சொல்வதையும் 5 சென்டில் சோதித்தே நம்புங்கள். நான் இங்கே எழுதுவதற்கும் அதே விதிதான்.

வேலையை விட்டுவிட்டு வர நினைக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சம்பளம் மாதாமாதம் வரும். நெல்லுக்கான பணம் அறுவடைக்குப் பிறகுதான் வரும், அதுவும் சில ஆண்டு வராது. இரண்டு பருவம் முழுதாகப் பொய்த்தாலும் வீட்டுச் செலவைத் தாங்கும் பணம் கையில் இல்லாமல் வேலையை விடாதீர்கள். முதல் ஆண்டு, ஊரில் அந்தப் பயிரை நன்றாகச் செய்யும் பெரியவர் ஒருவரின் வயலுக்கு வாராவாரம் போங்கள். அவர் செய்வதையெல்லாம் நோட்டில் எழுதுங்கள். எழுதிய கணக்கை அவரிடமும் காட்டுங்கள். அது அவருக்கும் உதவும்.

அடுத்த நடவுக்கு வயலைத் தயார் செய்யும்போதே இரண்டு 5 சென்ட் துண்டுகளை வரப்பு போட்டு ஒதுக்கிவிடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதுங்கள். இந்தப் பருவத்தில் நீங்கள் எதைச் சோதிக்கப் போகிறீர்கள் என்பதைத் தேதிக்குக் கீழே ஒரே வரியில் குறித்துவைத்து, அறுவடை முடிந்து எடை போடும் வரை அதை மாற்றாமல் இருங்கள்.