சொல் மாற்றமும் பொருள் மாற்றமும்

தமிழாய்வின் போக்கு காலந்தோறும் மாறியவாற்றை நூலளவையியல் வரைபடத்தால் காட்டிவிடலாம் என்னும் கருத்து உடன்படத்தக்கதன்று. கட்டுரைகளின் திறவுச்சொற்களுள் எவை எவற்றோடு உடன்வருகின்றன என எண்ணி, மிகுதியும் உடன்வருவனவற்றை அருகருகே நிறுத்தி வரைவது இம்முறை. 1983இல் மிஷேல் கல்லோன் முதலியோர் இதற்கு வழிவகுத்தனர். லைடன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வாஸ்வியூவர் மென்பொருள் இதனை எவர்க்கும் எளிதாக்கிற்று. எளிமையே இங்கு இடராயிற்று.

சங்கப் பாடல்களில் நிலமும் பொழுதும் பெறும் இடத்தை மு. வரதராசனார் 1957இலும் தனிநாயக அடிகள் 1966இலும் ஆங்கில நூல்களாக வெளியிட்டனர். அவ்வாய்வுகள் 'இயற்கை' என்னும் பெயரால் வழங்கின. பின்வந்தோர் அக்களத்தையே 'சூழலியல் திறனாய்வு' என்றும் 'திணைக்கோட்பாடு' என்றும் வழங்கினர். வரைபடமோ ஒரு வட்டம் தேய்ந்து மற்றொன்று புதிதாய்த் தோன்றியதாகக் காட்டும். இரண்டும் முற்றும் ஒன்றே என்பது எம் வாதமன்று, வினாக்கள் வேறுபடுகின்றன. ஆயின் எது தொடர்ச்சி, எது புதுமை என்பது படித்துத் துணியவேண்டியதே; எண்ணித் துணியக்கூடியதன்று.

நிறத்தால் காலத்தை உணர்த்துவதும் மயக்கந் தருவதே. ஒரு சொல் இடம்பெறும் கட்டுரைகளின் சராசரி ஆண்டையே நிறம் குறிக்கின்றது. 1980இலும் 2020இலும் ஒத்த அளவில் பயின்று, இடையில் வழக்கொழிந்த சொல் 2000ஆம் ஆண்டிற்குரிய நிறத்தைப் பெறும். அதாவது எவரும் அதனைத் தொடாத காலத்தில்!

தமிழுக்கே உரிய இடர்களும் உள. 'சங்க இலக்கியம்', 'சங்கப்பாடல்', 'பாட்டும் தொகையும்' மூன்றும் கணினிக்கு மூன்று பொருள்கள். ஆங்கில எழுத்தில் சிலப்பதிகாரம் எத்தனை வடிவங்கொள்கிறது என்பதை யாவரும் அறிவர். பழைய இதழ்க் கட்டுரைகளுக்கோ திறவுச்சொல் தரும் வழக்கமே இல்லை. ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்களில் தமிழ் இதழ்களும் கருத்தரங்கத் தொகுப்புகளும் பெரும்பாலும் இடம்பெறவில்லை. அங்கிருந்து எடுத்த தரவால் வரைந்தது ஆங்கிலவழித் தமிழியலின் ஒரு கூற்றின் படமேயன்றித் தமிழாய்வின் படமன்று. இதனைக் காட்டி, 'வளர்ந்துவரும் துறை இது' என ஆய்வு மாணவர்க்குத் தலைப்பு வழங்கின், படத்தில் இல்லாத துறை மாணவரின்றி மெய்யாகவே மாயும்.

கருவியை விலக்குக என்பதன்று எம் கருத்து. ஒருபொருட் பலசொற்களை இணைக்கும் பட்டியலைப் பயனரே அமைத்துத்தர வாஸ்வியூவர் இடந்தருகின்றது. அப்பட்டியலை அமைப்பதே தமிழறிஞரின் பணி. நிகண்டு கண்ட மரபினர்க்கு அஃது அரிதன்று. அப்பட்டியலும், குறைந்தளவு வருகையின்மையால் நீக்கப்பெற்ற சொற்களின் பட்டியலும் உடனின்றி வரும் வரைபடத்தை ஆய்விதழ்கள் ஏற்றல் கூடாது.