மீந்த ரொட்டியும் காலைப் பசியும்

ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் உணவு என்ற எண்ணம் நம் ஊர்ப்பக்கம் இன்னும் அடியோடு நீங்கிவிடவில்லை. ஒரு வீட்டு மேசைமேல் ரொட்டிப் பொட்டலம் இருந்தால், வந்தவர் முதலில் கேட்பது, "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்பதுதான். பாலில் நனைத்த இரண்டு துண்டு, அதுவும் சர்க்கரை குறைவாக. இப்படி மருந்துக்கு அடுத்த நிலையில் வைத்துவிட்டதாலோ என்னவோ, காய்ச்சல் விட்ட மறுநாள் அதே ரொட்டி அலமாரியின் மூலையில் காய்ந்து, பிறகு கோழிக்கோ குப்பைக்கோ போய்ச் சேருகிறது. அந்த மீந்த ரொட்டியின் சார்பாகவும், காலையில் ஒன்றும் உண்ணாமல் பள்ளிக்கு வரும் நம் தோழியரின் சார்பாகவும் மேனிலை வகுப்பு மனையியல் மாணவியராகிய நாங்கள் இங்கே சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 40 கி.மீ. திண்டிவனத்திலிருந்தும் அவ்வளவேதான். விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே 1879 முதல் ரயில் ஓடுகிறது. பிரெஞ்சு ஆட்சி 1954இல் நடைமுறையிலும் 1962இல் சட்டப்படியும் முடிந்தபின்னும், அங்கே நீண்ட குச்சி ரொட்டி அடுப்பிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. இத்தனை அருகில் இருந்தும், பிரெஞ்சுக்காரர் மீந்த ரொட்டியை என்ன செய்தார்கள் என்பதை மட்டும் நாம் சுற்றுவழியில், 'பாம்பே டோஸ்ட்' என்ற பெயரில்தான் கற்றுக்கொண்டோம். உலகம் அதைப் பிரெஞ்சு டோஸ்ட் என்கிறது. பிரெஞ்சுக்காரரோ 'தொலைந்துபோன ரொட்டி' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். காய்ந்து கெட்டியாகி, இனி உதவாது என்று ஒதுக்கிய ரொட்டியைப் பாலிலும் முட்டையிலும் நனைத்து மீட்டுக்கொள்வதால் வந்த பெயர் அது.

அவர்களே கண்டுபிடித்தது என்றும் சொல்வதற்கில்லை. அப்பிசியஸ் என்பவர் பெயரால் வழங்கும் பழைய ரோமானியச் சமையல் தொகுப்பிலேயே, ரொட்டியைப் பிய்த்துப் பாலில் ஊறவைத்து, பொரித்து, தேன் ஊற்றும் முறை காணப்படுகிறது. முட்டை அதில் இல்லை. ஜெர்மானியர் இதனை 'ஏழை வீரர்கள்' என்கிறார்கள். ஸ்பெயின் நாட்டில் இது தவக்காலத்துப் பலகாரம். பழையதை வீணாக்காத அறிவு எல்லா நாட்டுத் தாய்மாரிடமும் இருந்திருக்கிறது. இரவு மீந்த சோற்றில் நீரூற்றி, காலையில் மோரும் வெங்காயமும் சேர்த்துத் தந்த நம் பாட்டிமாருக்கு இதில் வியப்பொன்றும் இராது. அவர்களுக்கு அது பழைய சோறு, இவர்களுக்கு இது பழைய ரொட்டி.

இனி நம் காலைப்பொழுதைப் பார்ப்போம். சந்திப்பு நிலையம் இருக்கும் ஊர் விழுப்புரம். விடிவதற்குள் ரயிலுக்கோ பேருந்துக்கோ அப்பா புறப்பட்டுவிடும் வீடுகள் இங்கும் திண்டிவனத்திலும் பல. அதன்பின் வீட்டில் இருப்பவர் அம்மாவும் மகளும், அல்லது அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். மாவு இருந்தால் இட்லி. இல்லையென்றால், "நேரமாகிவிட்டது, போய் ஏதாவது வாங்கிக்கொள்" என்று பத்து ரூபாய். பத்து ரூபாய்க்குக் கிடைப்பது ஒரு பொட்டலம் வறுவல். முதல் மணி அடித்து, காலைக் கூட்டத்தில் வெயிலில் நிற்கும்போது, கால் தளர்ந்து யாராவது ஒருத்தி உட்கார்ந்துவிடுகிறாள். காரணம் கேட்டால் தலை குனிகிறாள். காரணம் எல்லாருக்கும் தெரியும்.

தமிழக அரசு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும், 2024 ஜூலையில் ஊர்ப்புற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பாராட்டத்தக்க செயல். ஆயினும் அத்திட்டம் வகுக்கப்பட்டது முதல் ஐந்து வகுப்புகளுக்கு. உடல் மிக வேகமாக வளர்வதும், மாதந்தோறும் இரத்தம் இழப்பதும் தொடங்குவது அதற்கடுத்த வயதில் அல்லவா? 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை. இதற்கென வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் தேசியத் திட்டம் உண்டு. வெறும் வயிற்றில் அதை விழுங்கினால் குமட்டும். குமட்டல் கண்ட பெண் அடுத்த வாரம் என்ன செய்வாள்? மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போவாள். ஆக, காலை உணவு இல்லையென்றால் மாத்திரையும் வீண்.

இங்கேதான் நாங்கள் பாம்பே டோஸ்டைக் கொண்டுவருகிறோம். அதுவும் கல்லில் வார்ப்பது அன்று, அடுப்புச் சூட்டில் மொத்தமாகச் சுட்டெடுப்பது. இந்த வேறுபாடு சிறியதுபோல் தோன்றும். எங்கள் வாதம் முழுவதும் இதிலேதான் இருக்கிறது. தோசையானாலும் டோஸ்டானாலும் கல்லில் சுட்டால், சுடுகிறவர் நின்றுகொண்டே இருக்கவேண்டும். மற்றவர் உட்கார்ந்து சூடாக உண்பர். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, ஆறிப்போன ஒன்றை நின்றவாக்கில் வாயில் போட்டுக்கொள்பவர் யார்? எந்த வீட்டிலும் இக்கேள்விக்கு ஒரே விடைதான். "எனக்குப் பசியில்லை, நீங்கள் சாப்பிடுங்கள்" என்ற அந்தச் சொல்லை நாம் தியாகம் என்று கட்டுரைகளில் எழுதிப் பரிசும் வாங்குகிறோம். இரத்தச்சோகைக் கணக்கில் அந்தத் தியாகிகளும் அடக்கம் என்பதை மறந்துவிடுகிறோம். அடுப்பில் வைத்துவிட்டு அம்மா தலை வாரிக்கொள்ளலாம். வெந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காரலாம். இட்லிக்கும் இந்தச் சிறப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் இட்லிக்கு முந்தின நாளே அரிசியும் உளுந்தும் ஊறவேண்டும், ஆட்டவேண்டும், மாவு புளிக்கவேண்டும், காலையில் சட்னி வேறு.

இருவருக்கான அளவைச் சொல்கிறோம். முந்தின நாள் ரொட்டி நான்கு துண்டு, முட்டை இரண்டு, காய்ச்சி ஆறிய பால் முக்கால் டம்ளர், அதாவது 150 மில்லி. சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, தட்டிய ஏலக்காய் இரண்டு. பாத்திரத்தில் தடவ ஒரு கரண்டி நெய் அல்லது வெண்ணெய். மேலே தூவ ஒரு பிடி வறுத்த நிலக்கடலை. வெளிநாட்டுக் குறிப்புகள் வாதுமை, பீக்கன் என்று கூறும்; எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருப்பதும், டி.எம்.வி. என்ற அடையோடு நிலக்கடலை ரகங்கள் நாடெங்கும் போனதும் நம் திண்டிவனத்திலிருந்து. கடலை இருக்கும் ஊரில் வாதுமைக்கு ஏங்குவானேன்? ஞாயிறன்று ஆடம்பரம் வேண்டுமானால் பண்ருட்டி முந்திரி இருக்கிறது.

ரொட்டி பழையதாக இருப்பது குறையன்று, தேவை. புது ரொட்டி பாலில் விழுந்ததும் கூழாகிவிடும். ஒரு நாள் ஆனதில் மாவுச்சத்து இறுகி நிற்பதால், அது பாலை உறிஞ்சியும் உருக்குலையாது. ஒவ்வொரு துண்டையும் நான்காக வெட்டி, நெய் தடவிய சிறு கேக் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்குங்கள். முட்டையை நன்றாக அடித்து, பால், சர்க்கரை, உப்பு, ஏலக்காய் சேர்த்து, எல்லாத் துண்டும் நனையும்படி ஊற்றி, இருபது நிமிடம் விடுங்கள். நடுவில் ஒருமுறை கரண்டியால் மெல்ல அழுத்திவிடுங்கள். குளிர்ப்பெட்டி உள்ள வீட்டில் இரவே ஊற்றி மூடி அதனுள் வைத்துவிடலாம். காலையில் அடுப்பேற்றுவது ஒன்றுதான் வேலை. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் இரவில் ஊற்றி வெளியே வைப்பது கூடவே கூடாது. நம் ஊர் வெக்கையில் பச்சை முட்டை கலந்த பால் சில மணி நேரத்திலேயே நஞ்சாகலாம்.

ஓவன் என்கிற மின்சாரச் சூட்டடுப்பு இருந்தால் 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். ஆயிரத்து இருநூறு வாட் அடுப்பு அரைமணி நேரம் எரிந்தால் 0.6 யூனிட் மின்சாரம். நம்மில் பலர் வீட்டில் அது இல்லை என்பது தெரியும். அடி கனத்த பழைய பாத்திரம் ஒன்றில் இரண்டு விரல் உயரம் சுத்தமான மணலோ கல்லுப்போ பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, மூடி பத்து நிமிடம் சூடாக்கி, தட்டை உள்ளே இறக்கி, சிறு தீயில் அரைமணி விட்டால் போதும். மேற்புறம் அவ்வளவு சிவக்காது, சுவையில் குறைவில்லை. நடுவில் கத்தி நுனியைக் குத்தி எடுத்தால் ஈரமின்றி வரவேண்டும். தீ மிஞ்சினால் முட்டை இறுகி நீர் விடும். ஆகவே அவசரப்பட்டுத் தீயை ஏற்றவேண்டாம். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் விரும்புகிறவர்கள் அதைப் பாலோடு சேர்த்துச் சுடவைத்தால் பால் திரிந்துபோகலாம். பாகாக்கி, வெந்தபின் மேலே ஊற்றிக்கொள்ளுங்கள். முட்டை உண்ணாத வீட்டார் இரண்டு கரண்டி கடலை மாவைப் பாலில் கட்டியின்றிக் கரைத்துச் சேர்க்கலாம். அது வேறு பண்டம்தான், ஆனாலும் நல்ல பண்டம்.

இரண்டு முட்டை, பால், ரொட்டி, கடலை எல்லாம் சேர்ந்து ஒருவர் பங்குக்குப் புரதம் சுமார் 15 கிராம் வரும். நம் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறத்தாழ 45 கிராம். மூன்றில் ஒரு பங்கு காலையிலேயே முடிந்துவிடுகிறது. பத்து ரூபாய் வறுவலில் என்ன இருக்கிறது என்று பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டிருப்பதை ஒருமுறை படித்துப் பார்க்கும்படி தோழியரைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். கடை ரொட்டி பெரும்பாலும் மைதா, நார்ச்சத்து குறைவு. இதில் இரும்புச்சத்தும் பெரிதாக இல்லை, முட்டையில் இருப்பதையும் உடல் எளிதில் ஏற்பதில்லை. ஆதலால் இதைத் தினமும் செய்யச் சொல்லவில்லை. கம்பங்கூழையும் கேழ்வரகு அடையையும் தள்ளிவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளவும் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள், மாவு தீர்ந்துபோன அந்த நாள். கூடவே தேநீர் குடிப்பதைத் தவிருங்கள், அது இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். ஒரு கொய்யாத் துண்டு இருந்தால் அதுவே மேல்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் சமையலறைகளில் குறைவாகச் சமைப்பது கஞ்சத்தனம் என்று எண்ணப்படுகிறது. விருந்து வந்தால் என்ன செய்வது என்று எப்போதும் இரண்டு பேருக்குக் கூடுதல். வராத விருந்தாளியின் பங்கைப் பகலில் உண்பவரும் அம்மாவே. இருவர் இருந்தால் இருவருக்கு, நால்வர் இருந்தால் எல்லாவற்றையும் இரட்டித்து நால்வருக்கு எனக் கணக்காகச் செய்து, அனைவரும் சூடாக உண்டு, தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதில் கஞ்சத்தனம் எங்கே இருக்கிறது?

"இதையும் பெண்பிள்ளைகள் தலையில் கட்டுகிறீர்களா?" என்று எங்கள் வகுப்பிலேயே ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. அம்மாவின் சுமையை மகளுக்கு மாற்றிவிட்டுச் சீர்திருத்தம் என்று பெயரிடுவது எங்கள் நோக்கமன்று. முட்டை அடிப்பதற்கும் ரொட்டி வெட்டுவதற்கும் ஆண் பெண் வேறுபாடு இல்லை. ஒன்பதாம் வகுப்புத் தம்பி இதை நன்றாகவே செய்வான். செய்யச் சொல்வதற்குப் பெற்றோர் முன்வரவேண்டும், அவ்வளவே. அண்ணன்மார் கல்லூரி விடுதிக்குப் போனபின் நூடுல்ஸ் கிண்டக் கற்றுக்கொள்ளத்தானே செய்கிறார்கள்?

நம் மனையியல் கூடத்திலும் ஒரு சூட்டடுப்பு இருக்கிறது. கிறிஸ்துமஸ் கேக்கிற்கு ஒருமுறை, செய்முறைத் தேர்வுக்கு ஒருமுறை என ஆண்டில் இரண்டு தடவை அது விழித்துக்கொள்கிறது. தேர்வுக்கு நாம் செய்யும் பூவேலைக் கேக்கை வீட்டில் மறுபடி செய்பவர் எத்தனை பேர்? அதற்கு ஈடாக இந்த இருவர் அளவுக் காலை உணவைச் செய்முறைப் பாடமாக வைக்கலாமே என்று மதிப்பிற்குரிய அருட்சகோதரியரிடம் பணிவுடன் விண்ணப்பிக்கிறோம். ஆறாம் வகுப்பிலிருந்தே வைக்கலாம். ஒரு வகுப்புக்கு ஐந்து குழு, ஒரு குழுவுக்கு இரண்டு தட்டு. ஒரு தட்டு செய்தவர்களுக்கு, மற்றொன்று அன்று காலை உண்ணாமல் வந்தவர்களுக்கு. யார் உண்ணாமல் வந்தார்கள் என்று பெயர் கூப்பிட்டுக் கேட்கவேண்டாம். தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் அப்பால் போய் நின்றால் போதும்.